உள்ள போக மாட்டேங்குற செல்லு

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படில ஒரு பெரிய பாத்திரம் நெறைய ஜாமூன் ஊறிக்கிட்டு இருந்துச்சு, பார்க்க அப்படி ஒரு பளபளப்பு. அக்கா ஒண்ண எடுத்து ஸ்பூனால ரெண்டா வெட்டி என் கைல குடுத்தா, வெட்டின எடத்த பார்த்தா ஓரத்துல ஒரு ரெண்டு மில்லிமீட்டருக்கு தான் ஜீரா ஏறியிருக்கு, நடுவுல வெள்ளையா மாவு அப்படியே கட்டியா உக்காந்திருக்கு. "எண்ணெய் ரொம்ப காஞ்சிருச்சுடா, போட்ட ஒடனே மேல செவந்து தோல் கட்டிக்கிச்சு, உள்ள வேகவும் இல்ல, ஜீராவும் போகல"ன்னா. நான் சிரிக்க ஆரம்பிச்சேன், நிறுத்தவே முடியல, அவளுக்கு கோவம் வந்துருச்சு. அவள பார்த்து சிரிக்கலைன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அன்னிக்கு காலைல தான் லேப்ல என்னோட ஏழு வார வேலைய இதே மாதிரி குறுக்கால வெட்டிப் பார்த்துட்டு மூஞ்ச தொங்கப் போட்டுட்டு வந்திருந்தேன். அங்க ஓரத்துல அந்த ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்ல, ஒரு கீத்து தான். நடுவுல காலி.

நான் என்ன வேலை பார்க்குறேன்னு இங்க ஒழுங்கா எழுதினதே இல்ல. வேலை செய்யுற எடத்தோட பேரு வேணாம், புவன விஸ்தா ஸ்டேஷன்ல எறங்கி நடக்குற தூரம்னு வெச்சுக்கோங்க. டிஷ்யூ இன்ஜினியரிங். ஒடம்புல ஒரு எலும்புத் துண்டு, கொஞ்சம் குருத்தெலும்பு, இப்படி ஏதாவது போயிடுச்சுன்னா அந்த எடத்துல ஒரு சாரம் கட்டி அதுல செல்ல குடியேத்தி திரும்ப வளர வைக்கிறது. ஸ்கஃபோல்டுன்னு சொல்றதே சாரம் தான், இங்க எந்த எம்ஆர்டி ரயில் லைன் வேலை நடக்குற எடத்துல பார்த்தாலும் நம்மூர் அண்ணனுங்க ஏறி நிக்கிறாங்களே, அதே தான். ஒரு வித்தியாசம், அங்க கட்டடம் எழும்பினதும் ஆள் வந்து சாரத்த பிரிச்சிடுவாங்க, ஒடம்புக்குள்ள போய் பிரிக்க முடியாது, அதனால தானா கரையுற பொருள்ல கட்டணும். ஆபரேஷன் முடிஞ்சு போடுற கரையுற தையல் இருக்கே, விக்ரில்னு ஒண்ணு, அது ரெண்டு மாசம் சொச்சத்துல ஒடம்போட கலந்துடும், அந்த நூல் எந்தக் குடும்பமோ நாங்க யூஸ் பண்ற பாலிமரும் அதே குடும்பம் தான். அதுல பிஜிஏன்னு ஒண்ணு சீக்கிரம் கரையும், பிஎல்ஏன்னு ஒண்ணு நின்னு கரையும், ரெண்டையும் கலந்தா கலக்குற விகிதத்த பொறுத்து வேகம் மாறும். நான் கட்டி அழறது பிசிஎல், பாலிகேப்ரோலாக்டோன், அது இன்னும் சோம்பேறி, முழுசா போக ரெண்டு மூணு வருஷம் கூட எடுத்துக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் போன்ல சொல்லிப் பார்த்தேன். கும்பகோணத்துல வீட்டுத் திண்ணைல உக்காந்துக்கிட்டு "என்னடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க. "செல்லு உள்ள போக மாட்டேங்குதும்மா"ன்னேன். "இங்க வந்து பாரு, கொல்லைக் கதவு நெலை பூரா செல்லு அரிச்சுக் கெடக்கு, அதுக்கு யாருடா உள்ள போகச் சொல்லிக் குடுத்தா"ன்னாங்க. அக்கா பொண்ணு பக்கத்துல இருந்துச்சு, ப்ரைமரி டூ படிக்கிறா, அவ பங்குக்கு "செல்லுன்னா போனா மாமா?"ன்னா. இந்த வீட்டுல எனக்கு பிஎச்டி முடிஞ்ச மாதிரி தான்.

ஆனா அம்மா சொன்னது ராத்திரி பூரா மண்டைல ஓடிச்சு. கரையானுக்கு வாய் இருக்கு, தானே கொடைஞ்சுக்கிட்டு போகும். என் செல்லுக்கு வாயும் கெடையாது, நாங்க போடுற அன்னிக்கு காலும் கெடையாது, சும்மா தண்ணில மெதக்குற உருண்டை, தண்ணி எங்க போகுதோ அங்க போகும், தண்ணி நின்னா கீழ எறங்கிடும். அப்போ செல்ல உள்ள அனுப்புறதுன்னா தண்ணிய உள்ள அனுப்புறது தான். இத மொத நாளே யாராவது என் தலைல தட்டி சொல்லியிருந்தா ஏழு வாரம் மிச்சம்.

எப்படி செய்யுறோம்னு சொல்றேன். பிசிஎல்ல க்ளோரோஃபார்ம்ல கரைச்சு, அதுல உப்ப கொட்டணும். சாப்பாட்டு உப்பு தான், சோடியம் குளோரைடு, ஆனா சலிச்சு 250 மைக்ரான்ல இருந்து 425 மைக்ரானுக்குள்ள இருக்குற பரல மட்டும் எடுக்கணும், மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. எடைக்கு 9 பங்கு உப்பு, 1 பங்கு பாலிமர். அச்சுல ஊத்தி காய வெச்சு அப்புறம் ரெண்டு மூணு நாள் தண்ணில போட்டு தண்ணிய மாத்திக்கிட்டே இருந்தா உப்பு கரைஞ்சு போயிடும், உப்பு இருந்த எடமெல்லாம் ஓட்டை. பார்க்க பல் தேய்க்கிற பொடி கட்டியானா எப்படி இருக்கும், அந்த மாதிரி வெள்ளையா ஒரு வில்லை. 8 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். ரெண்டு பரலு ஒட்டிக்கிட்டு இருந்த எடம் தான் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல கதவு. பரல் தனித்தனியா நின்னா கதவு சின்னதா போயிடும், இல்ல இல்லாமலே போயிடும். அதனால சில பேரு வேணும்னே உப்ப ஈரக்காத்துல வெச்சு ஒண்ணோட ஒண்ண லேசா ஒட்ட வெச்சுட்டு அப்புறம் பாலிமர ஊத்துறாங்க, அதுக்கு 95 சதவீத ஈரப்பதம் வேணுமாம். சிங்கப்பூர்ல அதுக்கு தனியா மெஷின் எதுக்கு, ஜன்னல தொறந்தா போதும். எங்களுக்கு பிரச்சனை தலைகீழ், டப்பா மூடி கொஞ்சம் லூசா இருந்தா காலைல மொத்த உப்பும் ஒரே செங்கல்லு.

இன்னொண்ணு, பிசிஎல் 60 டிகிரில உருகிடும். எங்ககிட்ட வந்த ஒரு இன்டர்ன் பையன் ரொம்ப பொறுப்பா எல்லா வில்லையையும் ஃபாயில்ல சுத்தி, நீராவில கிருமி கொல்ற ஆட்டோக்ளேவ்ல போட்டுட்டான், 121 டிகிரி, தொறந்து பார்த்தா மெழுகுவத்தி அழுத மாதிரி ஒரு சொட்டு. பாவம், அவன ஒண்ணும் சொல்லல. 70 சதவீத ஆல்கஹால்ல ஊற வெச்சு யூவி வெளிச்சத்துல காட்டுறது தான் எங்க வழி.

சரி, என் கூத்துக்கு வர்றேன். எலும்பு மஜ்ஜைல இருந்து எடுக்குற ஸ்டெம் செல்லு, ஃப்ளாஸ்க்ல வளர்த்து, ட்ரிப்சின்னு ஒரு நொதி போட்டு பேத்து, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி, கண்ணாடி கட்டத்துல வெச்சு ட்ரைபான் புளூன்னு ஒரு சாயம் போட்டு எண்ணி, எல்லாம் பக்காவா பண்ணினேன். ஒரு வில்லைக்கு 5 லட்சம் செல்லு, 200 மைக்ரோலிட்டர் மீடியத்துல, மீடியம்னா செல்லுக்கு சாப்பாடு கலந்த தண்ணி. வில்லைய ப்ளேட்டுல ஒவ்வொரு குழிலயும் வெச்சு மேல சொட்டு சொட்டா விட்டேன், அரை மணி நேரம் கழிச்சு மீடியத்த நெறைச்சு 37 டிகிரி இன்குபேட்டர்ல தூக்கி வெச்சுட்டு கிளமென்டில போய் கோழி சோறு சாப்ட்டு வீட்டுக்கு போயிட்டேன். அப்புறம் வாரத்துக்கு மூணு தடவை மீடியம் மாத்துறது, ஞாயித்துக்கெழமை கூட, செல்லுக்கு பப்ளிக் ஹாலிடே கெடையாது.

மேல இருந்து பார்த்தப்ப எல்லாம் ஜோரு. உயிரோட இருக்குற செல்லு பச்சையா, செத்தது செவப்பா தெரியுற ஒரு சாயம் இருக்கு, அத போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்த்தா வில்லை மேல பூரா பச்சைப் புல்லு மொளைச்ச மாதிரி. பாஸுக்கு அனுப்பினேன், கட்டை விரல் எமோஜி வந்துச்சு, அவர்கிட்ட இருந்து அது வர்றதே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தான். கூட வேலை செய்யுற மலேசியா ஈப்போக்காரி மட்டும் ஸ்க்ரீன பார்த்துட்டு "உள்ள வெட்டிப் பார்த்தியா?"ன்னா. நான் பார்க்கல. பார்த்திருக்கணும். மைக்ரோஸ்கோப்பு மேல இருந்து கொஞ்ச ஆழம் தான் காட்டும், பிசிஎல் கண்ணாடி இல்லையே. வழக்கம் போல பாரஃபின் மெழுகுல பதிச்சு வெட்டலாம்னா அதுக்கு ஊத்துற ஸைலீன்ல பிசிஎல்லே கரைஞ்சிடும், அதனால உறைய வெச்சு தான் சீவணும், அது ஒரு எழவு வேலை, அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசில சீவி, நியூக்ளியஸ் மட்டும் நீலமா ஒளிர்ற சாயத்த போட்டு பார்த்தா, மேல ஒரு கோடு நெறைய நீலம். அதுக்கு கீழ கும்மிருட்டு. அடில நாலஞ்சு புள்ளி, அவ்ளோ தான்.

ஏன் அப்படி ஆச்சுன்னு அடுத்த ஒரு வாரம் ஒக்காந்து யோசிச்சதுல மூணு தப்பு கெடச்சுது, மூணும் சின்னப்புள்ளத்தனமான தப்பு.

மொதல்ல கணக்கு. 8 மில்லிமீட்டர் அகலம் 3 மில்லிமீட்டர் கனம்னா அந்த வில்லையோட மொத்த கொள்ளளவே 150 மைக்ரோலிட்டர் தான், அதுல பாலிமர் போக ஓட்டை எடம் ஒரு 125. நான் ஊத்துனது 200. மிச்சம் எங்க போகும், வழிஞ்சு ப்ளேட்டுல தான் போகும், அந்த ப்ளேட்டு வேற செல்லு ஒட்டுறதுக்குன்னே பதப்படுத்தின பிளாஸ்டிக்கு, செல்லுக்கு என்ன, பங்களா மாதிரி தரை கெடைச்சா கொகைக்குள்ள எதுக்கு போகணும், அங்கயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடுச்சு. மறு நாள் ப்ளேட்டு தரைய பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், நான் பார்த்தது வில்லைய மட்டும்.

ரெண்டாவது காத்து. பிசிஎல்லுக்கு தண்ணி ஆகாது, மெழுகு மாதிரி. காஞ்ச வில்லைய மீடியத்துல போட்டா மெதக்கும், ஏன்னா ஓட்டை பூரா காத்து, அந்த காத்து வெளிய வராம தண்ணி உள்ள போக வழியே இல்ல. நான் ஆல்கஹால்ல கிருமி நீக்கினது சரி, அதுக்கப்புறம் பண்ணினது தான் பைத்தியக்காரத்தனம், ஹுட்டுல, அதாவது சுத்தமான காத்து ஓடுற பெட்டில, வெச்சு ராத்திரி பூரா நல்லா காய விட்டுட்டேன், சுத்தமா இருக்கட்டும்னு. ஆல்கஹாலோட பரப்பு இழுவிசை தண்ணியோடதுல மூணுல ஒரு பங்கு கூட கெடையாது, அதனால அது சந்து பொந்தெல்லாம் தானா புகுந்துடும், அது உள்ள இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய கலந்து 70, 50, 25னு எறக்கி கடைசில உப்புக் கரைசல், அப்புறம் மீடியம்னு மாத்தியிருந்தா உள்ள பூரா ஈரமாவே இருந்திருக்கும். வயல்ல கூட தாத்தா சேறு கொழைச்சுட்டு தான வெதை விடுவாரு, காஞ்ச கட்டாந்தரைல வெதைச்சா மேலயே கெடந்து காக்காய்க்கு போகும். நான் விவசாயி வீட்டுப் பேரன்னு வெளிய சொல்லிக்கிறது இல்ல இப்போ.

மூணாவது தான் அக்கா ஜாமூன். அச்சுல ஊத்தி காய வைக்கும்போது க்ளோரோஃபார்ம் மேல்பக்கமா பறந்து போகுது, போற எடத்துல பாலிமர் ஒதுங்கி மெல்லிசா ஒரு தோல் கட்டிக்குது, கண்ணுக்கு தெரியாது, விரல்ல தடவினா வழவழன்னு இருக்கும். அந்த தோல்ல ஓட்டை கம்மி. செல்லு அதிகபட்சம் ஒரு 20, 30 மைக்ரான் தான், ஓட்டை அத விட பத்து மடங்கு பெருசு, அதனால தாராளமா போயிடும்னு நான் கணக்கு போட்டது ஓட்டைய வெச்சு, கதவ வெச்சு இல்ல. இப்போ ப்ளேடால மேலயும் கீழயும் தோல சீவிட்டு தான் வெட்டுறேன். அந்த ஐடியாவுக்கு காரணம் சத்தியமா அந்த ஸ்பூன் தான், அக்காகிட்ட சொன்னேன், "அப்போ பேப்பர்ல என் பேரு போடுவியா"ன்னு கேக்குறா.

இதுல கொடுமை என்னன்னா மேல மட்டும் செல்லு ஒட்டினா அதோட நிக்காது. மேல இருக்குறது நல்லா தின்னு நல்லா பெருகி ஒரு போர்வை மாதிரி மூடிக்கும், அப்புறம் உள்ள தப்பித் தவறி போன நாலு பேருக்கும் ஆக்ஸிஜன் கெடைக்காது. ஒடம்புல ஒரு செல்லு ரத்தக் குழாய்ல இருந்து ஒரு 100, 200 மைக்ரானுக்கு மேல தள்ளி இருந்தா மூச்சு முட்டிடும், என் வில்லை கனம் 3,000 மைக்ரான், ரத்தக் குழாயும் கெடையாது. மாமா கேட்டாரு, "அந்த எலி முதுகுல காது வளர்த்தாங்களே, அதெல்லாம் எப்படி?"ன்னு. நல்ல கேள்வி. அமெரிக்காவுல வக்கான்டி சகோதரர்கள் குரூப்பு செஞ்சு 1997-ல பேப்பரா வெளியிட்டது, எலிக்கு காது மொளைச்சது இல்ல அது, பிஜிஏ நார்ல குழந்தைக் காது மாதிரி ஒரு அச்சு செஞ்சு மாட்டோட குருத்தெலும்பு செல்ல அதுல போட்டு எலித் தோலுக்கு அடில வெச்சாங்க. குருத்தெலும்புக்கு இயற்கையிலேயே ரத்தக் குழாய் கெடையாது, பட்டினி தாங்கும், காதும் மெல்லிசு. எலும்பு அப்படி இல்ல, அது ராஜ வீட்டுப் புள்ள.

இப்போ ரெண்டாவது சுத்துல என்ன பண்றேன்னா, தோல சீவி, ஆல்கஹால்ல இருந்து காய விடாம ஈரத்தோட எறக்கி, அதுக்கும் மேல வேக்குவம் ஜாடில வெச்சு கொஞ்ச நேரம் இழுக்குறேன், குமிழி குமிழியா காத்து வெளிய வரும், அத பார்க்குறதே ஒரு சொகம். செல்லு ஒட்டாத ப்ளேட்டு. விதைக்கிறதுக்கு முன்னாடி வில்லைல நிக்கிற மீடியத்த ஓரத்துல இருந்து மெதுவா உறிஞ்சி எடுத்துட்டு 100 மைக்ரோலிட்டர், அதையும் பாதி மேல விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு திருப்பி போட்டு பாதி. மீடியத்த நெறைக்க மூணு மணி நேரம் பொறுக்குறேன், செல்லு ஒட்டிக்க அவ்ளோ நேரமாவது வேணும், நடுவுல காஞ்சிடாம இருக்க அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு சொட்டு. மாரியம்மன் கோயில் கூழ் ஊத்துற மாதிரி பக்கத்துலயே நிக்கணும், கோழி சோறு கட்.

இதுக்கு மேல ஒரு படி இருக்கு. மேல இருந்து ஊத்துறதுக்கு பதிலா, வில்லைய குழாய்ல அடைச்சு மாட்டி செல்லு கலந்த மீடியத்த பம்ப்பு வெச்சு ஊடால தள்ளுறது, ஒரு பக்கமா தள்ளினா ஒரு பக்கம் சேரும்னு முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி. ஸ்விட்சர்லாந்து பாசல்ல ஒரு குரூப்பு 2003-லயே இத பண்ணி, செல்லும் நெறைய ஒட்டுது சமமாவும் பரவுதுன்னு காட்டிட்டாங்க. ரொம்ப வேகமா தள்ளினா செல்லு பிச்சுக்கிட்டு போயிடும், மெதுவா தள்ளினா குழாய்லயே படிஞ்சிடும். நானும் ஒரு செட்டப்பு கட்டினேன், நாலாவது நாள் குழாய் இணைப்புல பூஞ்சை, இந்த ஊரு ஈரத்துக்கு சொல்லவே வேணாம். அத இப்போதைக்கு அலமாரில வெச்சிருக்கேன்.

நடுவுல ஒரு நாள் சலிச்சுப் போய் எதுக்குடா செல்ல போட்டுக்கிட்டு, சும்மா சாரத்த மட்டும் வெச்சா என்னன்னு கூட தோணுச்சு. அதுவும் இந்த ஊருலயே நடந்திருக்கு. ஆஸ்டியோபோர்னு ஒரு கம்பெனி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல ஹுட்மாகர், தியோ ஸ்வீ ஹின் இவங்கள்லாம் பண்ணின ஆராய்ச்சில இருந்து வந்தது. மூளைய சுத்தி ரத்தம் கட்டினா மண்டையோட்டுல 14 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டு வடிய விடுவாங்க இல்லையா, அந்த ஓட்டைய மூட பிசிஎல்ல பிரிண்ட் பண்ணின ஒரு குட்டி மூடி. வலை வலையா அடுக்கினது, எல்லா ஓட்டையும் ஒண்ணோட ஒண்ணு தொறந்தே இருக்கும், உப்பு தொல்லையும் கெடையாது. அதுல லேப் செல்லு ஒண்ணு கூட கெடையாது, ரத்தம் ஊறும், சுத்தி இருக்குற எலும்புல இருந்து செல்லு தானா ஏறி வரும். சின்ன ஓட்டைக்கு இது போதும்னு தான் நெனைக்கிறேன், செல்லு போட்டா செலவு, வாரக் கணக்குல காத்திருப்பு, அனுமதி வாங்குறது தனி மலை. ஆனா தாடை எலும்புல நாலு செண்டிமீட்டர் போயிடுச்சுன்னா ஓரத்துல இருந்து ஏறி வர்ற செல்லு நடுவுக்கு வந்து சேருமான்றது தான் சந்தேகம், அங்க தான் எங்க பொழப்பு.

போன வாரம் ரெண்டாவது சுத்து வில்லைய, ஏழாவது நாள்லயே, உறைய வெச்சு சீவினேன், ஈப்போக்காரி பக்கத்துல நின்னா. மேல நீலம், அடில நீலம், நடுவுலயும் அங்கங்க புள்ளி புள்ளியா நீலம். அடர்த்தி பத்தாது, ஒரு எடத்துல மட்டும் பெரிய கருப்பு வட்டம், அங்க ஒரு காத்துக் குமிழி மாட்டியிருக்கும். இருந்தாலும் நடுவுல ஆள் இருக்கு. படத்த பாஸுக்கு அனுப்பினேன். இந்த தடவ கட்டை விரல் வரல. "ஓகே. மூணு தடவ ரிப்பீட் பண்ணு"ன்னு வந்துச்சு.

அதனால நாளைக்கு காலைல மறுபடி உப்பு சலிக்கணும். ராத்திரி பூரா மழை, டப்பாவ ஒழுங்கா மூடினேனான்னு ஞாபகம் இல்ல.